ஜன்னலோர சீட்டு: வேறு மாதிரி கற்கும் பிள்ளைகளைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கோத்தகிரிப் பக்கம் டிசம்பர் மாதக் காலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஸ்வெட்டர், குல்லா, சிலர் மேலே ஒரு சால்வை வேறு, வாயைத் திறந்தால் புகை. ஒரு பையன் மட்டும் உள்ளே வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டு வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்காருவான். நான் போய் மாட்டிவிடுவேன். கழற்றுவான். மறுபடி மாட்டுவேன், மறுபடி கழற்றுவான். மூன்றாவது தடவை நல்லா சத்தம் போட்டேன், திமிர் என்றுதான் அப்போது நினைத்தேன். அவனுடைய அம்மா வந்து, "இல்ல டீச்சர், அவனுக்குக் கம்பளி மேல பட்டா ஆகாது, கைக்குழந்தையில இருந்தே அப்படித்தான்" என்றார். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று அதையும் மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன்.

விஷயம் எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. நமக்குக் கழுத்தில் லேசாக உரசுகிற கம்பளி, அந்தப் பையனுக்குக் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி, அதுவும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் இல்லை, காலையிலிருந்து மாலை வரை. கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவன் அம்மாதான். பழைய வேட்டியைக் கிழித்து, ஸ்வெட்டரின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டார். அன்றைக்கே பையன் முதல் மார்க் வாங்கினான் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கழுத்தைச் சொறிவது நின்றது, அவ்வளவுதான். ஆனால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிற பிள்ளையால் கழித்தல் கணக்குப் போட முடியாது.

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது: நியூரோடைவர்சிட்டி. தமிழில் நரம்பியல் பன்மை என்று எழுதுகிறார்கள். மனிதர்களின் மூளை ஒரே அச்சில் வார்த்தது இல்லை. கவனிப்பது, நினைவில் வைப்பது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குவது, எழுத்தைப் படிப்பது எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு அந்த வித்தியாசம் ரொம்பவே அதிகம், அதைப் பழுது என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம். 1990களில் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும், சத்தம், தொடுகை போன்றவற்றை உணர்வதும் வேறு மாதிரி இருக்கிற நிலை) உள்ளவர்கள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து முளைத்த எண்ணம் இது. ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998ல் தன் ஆய்வேட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹார்வி ப்ளூம் அதே வருஷம் பத்திரிகையில் எழுதினார். ஆட்டிசம், கவனத்தை நிறுத்தி வைக்கச் சிரமப்படுத்தும் ஏ.டி.எச்.டி., படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்ஸியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் இந்தக் குடைக்குள் வரும். ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம்.

தமிழ்ப் பெயர்களில் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஆட்டிசத்தை நம் அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் ஆட்டிசம் உள்ள நம் ஸ்வெட்டர் பையனுக்குப் புற உலகம் குறைவாகவா இருந்தது? தகரக் கூரையில் மழை பிடித்தால் நாமெல்லாம் குரலை உயர்த்திப் பேசிச் சமாளித்துவிடுவோம், அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். புற உலகம் அவனுக்கு அளவுக்கு மீறி உள்ளே வந்துகொண்டிருந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'என் பிள்ளை பார்த்துக் கற்கிற ரகம், இவன் கேட்டுக் கற்கிற ரகம், அவள் செய்து கற்கிற ரகம்' என்று பிரிப்பதைப் பலர் இதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அது வேறு சமாச்சாரம், அதுவும் ஆதாரம் நிற்காத சமாச்சாரம். ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008ல் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் ரகத்துக்கு ஏற்ப பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பார்க்க, கேட்க, தொட என்று பல வழியில் சொல்லிக் கொடுப்பது எல்லாருக்கும் நல்லது. பிள்ளையின் நெற்றியில் ரகம் எழுதி ஒட்டுவதுதான் வேண்டாம்.

சரி, டிஸ்லெக்ஸியாவுக்கு வருவோம், தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இது எங்கே பிடிக்கும் என்று பார்க்க ஒரே ஓர் எழுத்து போதும். 'கொடி' என்று எழுதி, அதில் 'கொ'வை மட்டும் பாருங்கள். வாய் 'க்'கில் தொடங்கி 'ஒ'வில் முடிகிறது. கண்ணுக்கோ முதலில் கொம்பு வருகிறது, அப்புறம் க, அப்புறம் கால். பிள்ளை கொம்பைப் பார்த்து நிற்க வேண்டும், க-வைப் பார்க்க வேண்டும், காலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். நமக்கு இது கண் இமைப்பதற்குள் நடப்பதால் நடப்பதே தெரிவதில்லை. அந்தப் பிள்ளை 'கெடி' என்று படிக்கும், அல்லது கொம்பிலேயே நின்றுவிடும். துணைக்காலும் ர-வும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 'கௌ'வில் கடைசியில் நிற்கிற உருவம் ள மாதிரியே இருக்கும், ஆனால் ள இல்லை. கு, சு, பு, று என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு வால் போட்டுக்கொண்டு வரும். இதெல்லாம் சேர்ந்து 247. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து னை, லை இவற்றின் பழைய தும்பிக்கையையெல்லாம் எடுத்த பிறகு இருக்கிற நிலைமை இது, அதற்கு முன் படித்தவர்களில் எத்தனை பேர் 'மக்கு' பட்டத்தோடு தோட்ட வேலைக்குப் போனார்களோ.

டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்து கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் நிறைய. புதிதாக எழுதப் பழகும் பல பிள்ளைகளும் கொஞ்ச நாள் எழுத்தைத் திருப்பித்தான் போடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடிப்படைச் சிக்கல் ஒலியில் இருக்கிறது. சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாக உடைப்பதும், அந்த ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போடுவதும் அவர்களுக்குக் கடினம். நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று காய்கறி வைத்து. "கேரட்டுல முதல் எழுத்தை எடுத்துட்டா என்ன வரும்?" 'ரட்டு' என்று கத்தும் கூட்டம். "பீட்ரூட்டுல ரூட்டை எடுத்துட்டா?" இரண்டாம் வகுப்பு முடிகிற நேரத்திலும் இதில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிற பிள்ளையை நான் குறித்துக்கொள்வேன். இதை வைத்து முடிவெல்லாம் கட்டக் கூடாது, கவனிக்க ஆரம்பிக்கலாம்.

மலையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இங்கே பல பிள்ளைகளின் வீட்டு மொழி தமிழ் இல்லை. படுக மொழி பேசும் வீடு, கோத்தர், தோடர், இருளர், குறும்பர் வீடுகள், கூடலூர்ப் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர். 'ஹட்டி' என்று ஊரைச் சொல்லும் பிள்ளைக்கு, அந்த முதல் ஒலியை எழுத நாம் வேறு எழுத்தைக் கடன் வாங்கித் தர வேண்டியிருக்கிறது. காகம் என்ற ஒரே சொல்லில் வரும் இரண்டு க-வும் ஒரே ஒலி இல்லை என்பதையே நாம் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே இங்கே இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். தமிழ் புதிது என்பதால் திணறும் பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர் வைத்துவிடுவார்கள், நிஜமாகவே டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையை 'வீட்டில் தமிழ் இல்லை, போகப் போகச் சரியாகிவிடும்' என்று ஐந்தாறு வருஷம் தள்ளிவிடுவார்கள். எளிதாகப் பார்க்க ஒரு வழி உண்டு: அதே ஊரிலிருந்து, அதே மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் மற்றப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்களா? அவர்கள் படித்துவிட்டு இந்தப் பிள்ளை மட்டும் நிற்கிறது என்றால் மொழியைக் குறை சொல்ல முடியாது. வீட்டு மொழியிலும் அந்த ஒலி விளையாட்டை ஆடிப் பாருங்கள், பாட்டி உதவுவார்.

என்ன செய்யலாம் என்றால், ஒலியையும் எழுத்தையும் நேரடியாக, படிப்படியாக, நிறையத் தடவை சொல்லிக் கொடுக்க வேண்டும், தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், ஒரே எழுத்துக் குடும்பம், வாயால் சொல்லிக்கொண்டே தட்டில் பரப்பிய கேழ்வரகு மாவில் விரலால் எழுதுவது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதை நாமே மறந்துவிட்டோம். 1930களில் அமெரிக்காவில் மருத்துவர் ஆர்ட்டனும் ஆசிரியை கில்லிங்ஹாமும் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையிலும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏ.டி.எச்.டி.யைப் பற்றிக் கேட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் பையனைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அவன் கண்ணில் பட்டுவிடுவான், யாராவது ஏதாவது செய்வார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கும் அதே ஏ.டி.எச்.டி. இருக்கலாம், 'அமைதியான பிள்ளை, கொஞ்சம் மறதி' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிட்டு நாம் போய்விடுவோம். "நோட்டை எடு, தேதி போடு, நாற்பத்திரண்டாம் பக்கம், மூணாவது கணக்கு" என்று ஒரே மூச்சில் சொல்வோம். அவள் நோட்டை எடுத்துவிட்டு நிற்பாள், மீதி மூன்றும் காற்றில் போயிருக்கும். ஒன்று சொல்லி, செய்த பிறகு அடுத்ததைச் சொன்னால் போதும், அல்லது நான்கையும் கரும்பலகை ஓரத்தில் எழுதிவிட்டால் போதும். நேரம் என்பதும் இவர்களுக்குப் பிடிபடாத பொருள், 'பத்து நிமிஷம்' என்றால் ஒன்றும் தெரியாது. நான் கடிகாரக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவேன். பெரிய முள் பொட்டைத் தொடும்போது முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நடுவில் எழுந்து போக ஒரு வேலையும் தருவேன், குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது மாதிரி. மருத்துவர்கள் இதை அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கின்றனவா, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா என்று கேட்பார்கள். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் வேலை, டீச்சர் வேலையும் இல்லை, பக்கத்து வீட்டு அத்தை வேலையும் இல்லை.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் நம் தமிழே நம்மைக் காட்டிக்கொடுக்கும். "பாடத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்கணும்" என்றேன் ஒருநாள். "எந்தத் தண்ணியில மிஸ்?" என்று கேட்டான் ஸ்வெட்டர் பையன், கிண்டலே இல்லாமல். அவனுக்குச் சொல்வதை நேராகச் சொல்ல வேண்டும், நடக்கப்போவதை முன்னாலேயே சொல்ல வேண்டும். அக்டோபர், நவம்பரில் காலையில்தான் கலெக்டர் மழை விடுமுறை அறிவிப்பார், மற்றப் பிள்ளைகள் குதிப்பார்கள், இவன் யூனிஃபார்மோடு வாசலில் உட்கார்ந்து அழுவான், ஏனென்றால் அன்றைய நாள் அவன் தலைக்குள் ஏற்கெனவே வரிசையாக அடுக்கப்பட்டுவிட்டது. முந்தின நாள் இரவே 'மழை வலுத்தால் வீட்டில் இது இது செய்வோம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம்' என்று இரண்டையும் தாளில் எழுதி வைக்க அவன் அம்மாவிடம் சொன்னேன். அழுகை முழுசாக நிற்கவில்லை, குறைந்தது. பேச்சே வராத, வாழ்நாள் முழுக்கத் துணை வேண்டியிருக்கிற பிள்ளைகளும் ஆட்டிசத்தில் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 'இந்தப் பிள்ளைகளுக்குள்ளே ஒரு மேதை ஒளிந்திருக்கிறான்' என்ற பேச்சு அந்த வீடுகளில் போய் எப்படிக் குத்தும் என்று யோசித்தால் அதைச் சொல்லவே தோன்றாது. மேதையாக இல்லாவிட்டாலும் உதவி கிடைக்க வேண்டும்.

டிஸ்கால்குலியாவில் எனக்கு அனுபவம் கொஞ்சம்தான். எட்டுக்கும் இருபதுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதே தட்டுப்படாத ஒரு பெண், அவள் மசினகுடிக்காரி. கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. தரையில் சாக்பீஸால் அந்த ரோட்டையே வளைத்து வளைத்துப் போட்டு, "எட்டாவது வளைவுல வண்டி நிக்குது, இருபதுக்கு இன்னும் எத்தனை?" என்றால் நடந்து போய் எண்ணிச் சொல்வாள். தாளில் வெறும் எண்ணாகச் செய்ய அவளுக்கு அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஆனது.

இத்தனையும் தனித்தனி யுக்தி மாதிரித் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையில் நான் எதைப் பார்க்கப் போகிறேன்? அதற்குச் சம்பந்தமில்லாமல் நடுவில் என்ன நிற்கிறது?

ஓர் உதாரணம் விவரமாகச் சொல்கிறேன். ஐந்து மார்க் கேள்வி, 'தேயிலைத் தூள் எவ்வாறு தயாரிக்கப்படுகிறது?' ஒரு பையன் மூன்றே வரி எழுதியிருந்தான், ஏகப்பட்ட எழுத்துப் பிழை, இரண்டு மார்க் போட்டேன். அவன் அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர். மாலையில் சும்மா பேச்சுக் கொடுத்தேன். பச்சை இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுவது, இரவு முழுக்க வாடி இலை துவண்டு போய்க் கையில் பிடித்தால் ஒடியாமல் மடிவது, அப்புறம் மிஷினில் நசுக்கிச் சுருட்டுவது, பச்சை நிறம் செம்பு நிறமாக மாறும்வரை விட்டு வைப்பது, பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வந்ததும் அப்பா 'இப்ப டிரையருக்கு அனுப்பு' என்பாராம், ஒரு நொடி தாமதித்தாலும் டீ கெட்டுப்போகுமாம், கடைசியில் சல்லடையில் தூள் வேறு, டஸ்ட் வேறு. பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். மூக்கைச் சுருக்கி அந்த வாசத்தைக் காட்டினான். நான் கேள்வியில் பார்க்க நினைத்தது தேயிலையை, மார்க் போட்டது எழுத்துக்கு. பிழை எழுதலாம் என்று சொல்லவில்லை, எழுத்துக்குத் தனி நேரம், தனிப் பயிற்சி, தனி மார்க். அறிவியலில் அவன் வாயால் சொல்லட்டும், படம் வரைந்து பெயர் குறிக்கட்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. 1896ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், நல்ல புத்திசாலி, ஆனால் படிக்க மட்டும் வராத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் குறித்திருக்கிறார். ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நான் இரண்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இவனுக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றப் பிள்ளைகள் கேட்க மாட்டார்களா?" என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கல்லார் தாண்டி வளைவு ஆரம்பித்ததும் ஒரு பிள்ளையின் முகம் வெளுக்கும். யாராவது எழுந்து ஜன்னலோர சீட்டைக் கொடுப்பார்கள், இன்னொருவர் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுப்பார், கண்டக்டர் ஒரு பாலித்தீன் கவர் தேடுவார். யாரும் இதைச் சலுகை என்று சொல்லி எனக்கும் கொடு என்று கேட்டதில்லை. அந்தப் பிள்ளையும் அதே டிக்கெட்தான் வாங்கியிருக்கிறது, அதே ஊட்டிக்குத்தான் போகிறது.

சட்டமும் இதில் நம் பக்கம்தான் இருக்கிறது. 1995ம் வருஷத்துச் சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்கள்தான் இருந்தன, 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 ஆயின, ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அப்போது பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்ஸியாவுக்குச் சான்று உள்ள மாணவர் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம், சொல்வதை எழுதுபவர் கேட்கலாம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கேட்கலாம். இதில் பாதி பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதலில் பள்ளியிலேயே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் பார்க்க அவர்களை வரச் சொல்லிக் கேட்கலாம். சின்னப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று பொதுவாக எட்டு வயதுக்கு முன்னால் தர மாட்டார்கள். அதற்காக அதுவரை உதவியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை, கேழ்வரகு மாவுக்குச் சான்றிதழ் வேண்டாம்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சான்று கேட்டு ஜனவரியில் ஓடி வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அப்போது மருத்துவமனை, படிவம், கையெழுத்து என்று அலைவதற்குள் ஹால் டிக்கெட்டே வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புத் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். பந்தலூர், கூடலூர்க்காரர்கள் ஊட்டிக்கு ஒரு தடவை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், ஒரே தடவையில் முடியவும் முடியாது, அதனால் என்னென்ன தாள் வேண்டும் என்று போனில் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். பிள்ளையின் பழைய நோட்டுகள் இரண்டு மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார். முடிந்தவரை அக்டோபருக்கு முன்னால் போய் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் மண் சரிந்து ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது.